கழற்றுவதற்கு முன்: பழைய வீட்டுச் சாமான்களின் பாகங்களை விற்பது பற்றி

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கும். ஆரையம்பதியில் இருக்கிற அம்மப்பாவின் வீட்டைத் திருத்தப்போகிறீர்கள். பின் அறையிலும் கொட்டிலிலும் கால் வைக்க இடமில்லாமல் பழைய சாமான். மிதி வைத்த சிங்கர் தையல் மெஷின் இரண்டு, பெரிய வால்வ் (பல்ப் மாதிரிக் கண்ணாடிக் குழாய்) றேடியோ ஒன்று, பெற்றோமக்ஸ் மூன்று, பித்தளை மண்ணெண்ணெய் அடுப்பு, கனத்த ஃபேன் இரண்டு, ஓடாத பிரிட்ஜ் ஒன்று, துணி சுற்றிய வயருடன் ஓர் அயன். பழைய இரும்பு எடுக்கிறவர் எல்லாவற்றையும் மொத்தமாக நிறுத்து எடுக்கிறேன் என்கிறார். கழற்றிப் பாகம் பாகமாக விற்றால் கூடக் காசு வருமா, எது போகும், எது போகாது என்று கேட்டிருக்கிறீர்கள்.

காசு வரும். ஆனால் எல்லாவற்றிலும் வராது. திருப்புளியைக் கையில் எடுத்த முதல் நாளிலேயே பாதிப் பெறுமதியை அழித்துவிடவும் முடியும். நான் முப்பது வருடத்துக்கு மேலாக மட்டக்களப்பில் தையல் மெஷின், ஃபேன், றேடியோ திருத்துகிறேன். யுத்த காலத்தில் கொழும்பிலிருந்து ஒரு ஸ்குரூ ஆணி வருவதற்கும் மாதக் கணக்காகும். அப்போது பழையதில் கழற்றித்தான் பழையதை ஓட வைத்தோம். இந்த வியாபாரம் எனக்குப் பழகியது அப்படித்தான்.

இரும்புக்காரர் வாங்குவது எடையை. பாகம் தேடி வருகிறவர் வாங்குவது பொருத்தத்தை. சிங்கர் பொபின் கேஸ் ஒன்றை, அதாவது கீழ் நூல் சுற்றிய பொபின் இருக்கிற சின்னக் கூட்டை, கையில் வைத்தால் எடையே தெரியாது. அது இன்ன வகை மெஷினில் இருந்தது, வில் நல்லது, கறள் இல்லை என்று உங்களால் சொல்ல முடிந்தால் அதற்கு ஒரு விலை. சொல்ல முடியாவிட்டால் அது ஒரு துண்டு இரும்பு, அதைக் கேட்டு ஒருவரும் வரமாட்டார். ஆகவே முதல் வேலை கழற்றுவது அல்ல, எழுதுவது. ஒரு கொப்பியை எடுங்கள். ஒவ்வொரு சாமானையும் முன், பின், அடி என்று போனில் படம் பிடியுங்கள். தகட்டில், அடியில், கண்ணாடியில் என்ன எழுத்து, என்ன எண் இருந்தாலும் அப்படியே எழுதுங்கள். லாச்சிக்குள் கிடக்கிற சின்னப் பெட்டி, பேப்பர், உடைந்த ஊசி எதையும் எறியவேண்டாம்.

இப்போது மெஷின். உங்கள் வீட்டில் உள்ளவற்றில் கூடப் பெறுமதி இதற்குத்தான், பிழை விடுகிறவர்களும் இதில்தான் அதிகம்.

மெஷினின் அடித்தட்டில், வலது பக்கம், கைச்சில்லுக்குக் கிட்ட ஓர் எண் பொறித்திருக்கும். ஊத்தை மூடியிருந்தால் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் மெதுவாகத் துடையுங்கள், அழுத்தித் தேய்த்தால் தங்கப் பூ வேலை போய்விடும். எண்ணுக்கு முன்னால் எஃப் அல்லது வை என்ற ஒற்றை எழுத்தோ, ஈ என்று தொடங்கும் இரட்டை எழுத்தோ இருந்தால் அது ஸ்கொட்லாந்தில் கிளைட்பாங்க் தொழிற்சாலையில் செய்த மெஷின். அந்த இரட்டை எழுத்து 1935 இல் இருந்து வந்தது. எழுத்தே இல்லாமல் வெறும் எண் மட்டும் இருக்கிற பழைய கறுப்பு மெஷின் என்றால் 1900 க்கு முந்தியது. அந்தத் தொழிற்சாலையை 1980 இல் மூடிவிட்டார்கள். அங்கே செய்த பாகம் இனி வராது, இருக்கிறதைத்தான் கைமாற்ற வேண்டும். உண்மையான பாகங்களில் சின்னதாகச் சிமான்கோ என்று அடித்திருக்கும். சிங்கர் கம்பனியின் சுருக்கப் பெயர் அது. விசயம் தெரிந்த தையல்காரர் கேஸைக் கையில் எடுத்ததும் திருப்பிப் பார்ப்பது அந்த எழுத்தைத்தான்.

அடுத்தது வகை. ஊசிக்குக் கீழே உள்ள தகட்டைச் சறுக்கி இழுத்துப் பாருங்கள். கீழ் நூலைக் கொண்டுபோகிற, தோணி மாதிரி நீண்ட ஷட்டில் ஒன்று முன்னும் பின்னும் ஆடினால் அது 27, 28 அல்லது 127, 128, இவை சிங்கரின் வகை எண்கள். வட்டப் பொபின் மேலே இருந்து உள்ளே விழுகிற மாதிரி இருந்தால் 66 அல்லது 99. இடது பக்கத்தில் கீழே கை விட்டுப் பொபின் கேஸைக் கேஸோடு கழற்ற வேண்டியிருந்தால் 15. எங்கள் பக்கத்தில் நான் கூடக் கண்டது இந்த 15 தான். 15 இன் பொபின் இரண்டு பக்கமும் தட்டை. 66 இன் பொபினில் பக்கம் கொஞ்சம் உப்பியிருக்கும். வெறுங்கண்ணுக்கு இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். மாறிப் போட்டால் நூல் சிக்கும், வாங்கினவர் அடுத்த நாளே வாசலில் நிற்பார். இரண்டையும் ஒரே டின்னில் போட்டுவிடாதீர்கள்.

இனி எதைக் கழற்றுவது, எதை விடுவது. பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் கைச்சில்லை உங்கள் பக்கமாகச் சுற்றிப் பாருங்கள். சுற்றினால் அந்த மெஷினைத் தொடவேண்டாம். முழுதாக ஓடுகிற மெஷினின் விலை, அதைக் கழற்றி விற்கிற பாகங்களின் கூட்டு விலையைவிட நல்லது, அதுவும் ஒரே நாளில் கைக்கு வரும். பாகங்கள் விற்று முடிய இரண்டு வருடம் போகும், கடைசியில் பாதி உங்கள் வீட்டிலேயே கிடக்கும்.

சுற்றாவிட்டாலும் அவசரப்படாதீர்கள். இங்கே மெஷின் இறுகுவதற்குப் பாதிக் காரணம் கறள் இல்லை, தேங்காயெண்ணெய். மெஷின் எண்ணெய் முடிந்த நாளில் குசினியில் இருந்ததை விட்டிருப்பார்கள். அது வருடக் கணக்கில் காய்ந்து மண்ணிறப் பசையாகி, அச்சைப் பிடித்துக்கொள்ளும். எண்ணெய் விடும் துளைகள் எல்லாவற்றிலும் மண்ணெண்ணெய் சொட்டுச் சொட்டாக விடுங்கள், ஓர் இரவு வையுங்கள், காலையில் சில்லை முன்னும் பின்னும் மெதுவாக அசையுங்கள். சுத்தியல் வேண்டாம், குறடும் வேண்டாம். மூன்று நாள் செய்தும் அசையாவிட்டால்தான் மற்றக் கதை.

ஒரு மெஷினைப் பற்றிச் சொல்கிறேன். 2005 தொடக்கத்தில், சுனாமியில் வீடு போன ஓர் அக்கா கல்லடிப் பக்கமிருந்து ஒரு மெஷின் தலையை, காலும் மிதியும் இல்லாத மேல் பகுதியை, சாக்கில் கட்டிக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். மணலுக்குள் இருந்து தோண்டி எடுத்தது. ஊசிக் கம்பிக்குள்ளும் மணல், முகத்தட்டுக்குப் பின்னாலும் மணல். "தம்பி, இது மட்டும்தான் மிஞ்சினது" என்றார். முதலில் நல்ல தண்ணீரில் மூன்று தரம் ஊறப்போட்டேன், உப்பு போகாமல் எண்ணெய் விட்டுப் பிரயோசனமில்லை. பிறகு வெயிலில் காயவைத்து மண்ணெண்ணெய். நான்காம் நாள் பின்னேரம் சில்லு ஒரு நூலளவு அசைந்தது. அன்றைக்கு இரவு நித்திரை வரவில்லை எனக்கு. மெஷின் சுற்றியது, ஆனால் தைக்கவில்லை. ஷட்டில் ஓடுகிற வளையத்தை உப்பு அரித்துப் புள்ளி புள்ளியாக்கியிருந்தது, ஒவ்வொரு தையலுக்கும் நூல் அறுந்தது.

அதைக் காப்பாற்றியது இன்னொரு மெஷின். லொறியில் இருந்து விழுந்து கை முறிந்த ஒரு 15, இரும்பு விலைக்கு வாங்கி வைத்திருந்தேன். வார்ப்பு இரும்பு முறிந்தால் ஒட்டினாலும் நேர் வராது, அது இனி மெஷின் ஆகாது. அதில் இருந்து வளையம், ஷட்டில், பொபின் கேஸ், ஊசித் தகடு நான்கையும் கழற்றி அக்காவின் மெஷினில் போட்டேன். அந்த வருடம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டை தைத்துத்தான் அவர் குடும்பம் நிமிர்ந்தது. முறிந்த மெஷினின் மிச்சப் பாகங்கள் பிறகு மூன்று வீட்டு மெஷின்களுக்குப் போயின. கழற்றி விற்பது என்று நான் சொல்வது இதைத்தான். வார்ப்பு முறிந்ததை, தலை வெடித்ததை, அச்சு அரித்துப் போனதைக் கழற்றுங்கள். ஓடக்கூடியதைக் கழற்றாதீர்கள்.

அப்படிக் கழற்ற ஒன்று இருந்தால், கூடக் கேட்டு வருவது பொபின் கேஸ், நூல் இறுக்கி, சறுக்குத் தகடு, ஊசித் தகடு, துணியை நகர்த்துகிற பல்லு, பொபின் சுற்றியும் அதன் றப்பர் வளையமும். 27, 28 என்றால் நீண்ட ஷட்டிலும் அதற்குரிய மெல்லிய பொபின்களும். முன் சறுக்குத் தகடு பல வீடுகளில் தொலைந்துபோயிருக்கும், அதனால் அதற்கு நல்ல கேள்வி. 15 க்குப் புதிய பாகம் கடையில் மலிவாகவே கிடைக்கிறது, ஆனால் பாரத் துணி தைக்கிறவர்கள் பழைய உருக்கைத்தான் கேட்கிறார்கள். காத்தான்குடி, கல்முனை, சாய்ந்தமருதுத் தையல் கடைகளில் ஒரு சுற்றுச் சுற்றிக் கேட்டுப் பாருங்கள், பத்துக் கடையில் மூன்று பேருக்காவது ஏதோ ஒரு பாகம் தேவைப்படும். உங்கள் முதல் வாடிக்கையாளர்கள் கொழும்பில் இல்லை, இங்கேதான் இருக்கிறார்கள்.

மிதியையும் இரும்புக் காலையும் பற்றி ஒரு வார்த்தை. பாசிக்குடா, அறுகம்பே விடுதிக்காரர்கள் அந்தக் காலுக்கு மேல் பலகை போட்டு மேசையாக்குகிறார்கள், நல்ல காசும் தருகிறார்கள். தலை செத்த மெஷினின் காலைக் கொடுங்கள், பிழையில்லை. ஓடுகிற மெஷினின் காலை மட்டும் பிடுங்கிக் கொடுத்துவிட்டால் அந்தத் தலை அநாதையாகிவிடும். கரண்ட் இல்லாமல் தைக்கக்கூடிய ஒரு மெஷினை மேசையாக்குவது எனக்கு மனசுக்கு ஒத்து வராத காரியம்.

அடுத்தது பெற்றோமக்ஸும் அடுப்பும். 2022 இல் பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்களே, காஸ் சிலிண்டருக்கு விடியவிடிய வரிசையில் நின்றோமே, அந்த மாதங்களில் என்னிடம் வந்தவர்களில் பாதிப்பேர் கேட்டது அடுப்புப் பாகம்தான். 2020 இல் தொடங்கிய இறக்குமதிக் கட்டுப்பாட்டால் புதிய பாகங்களும் அருமையாகிவிட்டன. பரணில் கிடந்த அடுப்பை இறக்கினார்கள், பம்ப் அடித்தால் காற்று ஏறவில்லை. பம்ப் தண்டின் நுனியில் கிண்ணம் மாதிரி இருக்கிற தோல் வாஷர் காய்ந்து சுருங்கியிருக்கும், அவ்வளவுதான். எண்ணெயில் ஊறவைத்து விரலால் விரித்துவிட்டால் அரைவாசி அடுப்புகள் உயிர் பெறும். பர்னருக்குக் கீழே ஈய வாஷர் ஒன்று இருக்கும், கழற்றினால் அதைத் தொலைத்துவிடவேண்டாம்.

பிறைமஸ் என்று எழுதியிருந்தால் சுவீடன் அடுப்பு. 1892 இல் தொடங்கிய வகை அது. அடியில் பொறித்திருக்கும் எழுத்து செய்த வருடத்தைக் காட்டும், படம் எடுத்து வையுங்கள். எண்ணெய்த் தாங்கி ஓட்டையில்லாமல் இருந்தால் முழுதாக விற்கலாம். ஓட்டை என்றால் பர்னர், நிப்பிள் (எண்ணெய் ஆவி வருகிற சின்னத் துளையுள்ள பாகம்), பம்ப், மூன்று கால், காற்றுத் திருகி எல்லாம் தனித்தனியாகப் போகும். பித்தளையைப் பளபளப்பாக்க வேண்டும் என்று மண் தாளால் உரசாதீர்கள். பழம்புளியும் சாம்பலும் போதும், எங்கள் அம்மாமார் குத்துவிளக்குத் துலக்கினது போல.

பெற்றோமக்ஸ் ஜேர்மனியில் பிறந்தது. அதைப் பார்த்து இந்தியாவிலும் சீனாவிலும் செய்தவையும் எங்களிடம் ஏராளம். தூரத்தில் எல்லாம் ஒன்றுதான். நிப்பிளைக் கழற்றி மற்றதில் போட்டால்தான் தெரியும், புரி எப்போதும் பொருந்தாது. மூன்றையும் ஒரே நாளில் கழற்றிக் கலந்துவிட்டீர்கள் என்றால் மூன்றும் போச்சு. ஒன்றைக் கழற்றி முடித்துப் பையில் போட்டு எழுதின பிறகுதான் அடுத்தது. கண்ணாடி, எண்ணெய் ஆவியாகிற குழாய், அழுத்தம் காட்டும் சின்ன மீற்றர் ஆகியவற்றுக்கு நல்ல விலை. பழைய மென்டல் (விளக்கில் ஒளி தருகிற வலை) பெட்டிகள் இருந்தால் கவனம்: பழைய மென்டலில் தோரியம் சேர்ந்திருக்கும், அது கதிர்வீச்சு உள்ள பொருள். சும்மா பெட்டியில் இருந்தால் பயமில்லை, எரிந்து உதிர்ந்த சாம்பலை ஊதவும் வேண்டாம், மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோகவும் வேண்டாம். கோயில் திருவிழாக்களுக்கும் கலியாண வீடுகளுக்கும் முழு விளக்காக வாடகைக்குக் கொடுக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மூன்றில் இரண்டை ஒன்றின் பாகத்தால் எரிய வைக்க முடிந்தால் அதுதான் நல்ல கணக்கு.

றேடியோவுக்கு வருவோம். தயவுசெய்து, வேலை செய்கிறதா பார்ப்போம் என்று பிளக்கைக் குத்திவிடாதீர்கள். உள்ளே மெழுகு பூசிய பேப்பர் கண்டன்சர்கள் இருக்கும். அறுபது வருடத்தில் அவை கசியத் தொடங்கியிருக்கும். 230 வோல்ட் போனதும் ஒரு நிமிடத்தில் சத்தம் தருகிற வால்வும் டிரான்ஸ்ஃபோமரும் சேர்ந்து எரிந்துவிடும். அந்த றேடியோவில் உள்ள விலையான பாகமே அந்த இரண்டும்தான். கட்டாயம் பார்க்க வேண்டும் என்றால், தெரிந்தவர் கையால், பழைய இழை பல்ப் ஒன்றைத் தொடராகப் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

பின் மட்டையைத் திறந்தால் வால்வ்கள் தெரியும். அவற்றின் முதல் எழுத்தை வாசிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஈ என்று தொடங்கினால், ஈசிஎச் 81, ஈஎல் 84 போல, சூடாக்கும் இழைக்கு 6.3 வோல்ட். யூ என்று தொடங்கினால் இழைகள் எல்லாம் தொடராக நேரே கரண்டில் ஓடுகிற வகை. அந்த றேடியோவில் உள்ளே இருக்கிற இரும்புத் தகடே கரண்டோடு சேர்ந்திருக்கும், பிளக்கில் இருக்கும்போது கை வைத்தால் உயிர் போகும். டி என்று தொடங்கினால், டிகே 96, டிஎல் 96 போல, பற்றரி றேடியோ, இழைக்கு 1.4 வோல்ட்தான். கரண்ட் வராத காலத்தில் வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் இருந்தது இந்த வகை. சோதிக்கிறேன் என்று ஒருவர் 6 வோல்ட் பற்றரியைக் கொடுத்து நான்கு நல்ல வால்வையும் என் கண் முன்னால் எரித்தார்.

ஒன்பது கால் உள்ள ஈ வகைக் கண்ணாடி வால்வில் நான்காம் காலுக்கும் ஐந்தாம் காலுக்கும் இடையில் மல்ரி மீற்றரை வைத்துப் பாருங்கள். சில ஓம் காட்டினால் இழை உயிரோடு இருக்கிறது. ஒன்றும் காட்டாவிட்டால் எரிந்தது. கண்ணாடியின் உச்சியில் வெள்ளிப் பூச்சு மாதிரி ஒரு பளபளப்பு இருக்க வேண்டும், அது பால் வெள்ளையாக மாறியிருந்தால் உள்ளே காற்றுப் போய்விட்டது, எறியலாம். ஈஎல் 84 க்கு எப்போதும் ஆள் இருக்கிறது, கிற்றார் அம்ப்ளிஃபையர்களிலும் அதே வால்வ் என்பதால்.

அந்த வால்வில் நான் பட்ட நட்டத்தைச் சொல்ல வேண்டும். தொடக்க காலத்தில் இரண்டு ஈஎல் 84 கிடைத்தது, ஊத்தையாக இருந்ததால் தின்னர் தொட்ட துணியால் நன்றாகத் துடைத்தேன். கண்ணாடி கண்ணாடியாக மின்னியது, அதில் இருந்த முல்லார்ட் என்ற கம்பனிப் பெயரும் எண்ணும் துணியோடு போய்விட்டது. வாங்க வந்தவர் கையில் எடுத்துப் பார்த்தார், திருப்பித் தந்துவிட்டார். வேலை செய்கிற வால்வ்தான், ஆனால் பெயர் இல்லை. இப்போது வால்வைக் காய்ந்த மெல்லிய தூரிகையால் மட்டும்தான் தட்டுவேன், அச்சடித்த பக்கத்தில் விரலும் படவிடுவதில்லை.

றேடியோவில் வால்வைவிட அருமை டயல் கண்ணாடி. அலைவரிசை எண்களும் ஊர்ப் பெயர்களும் எழுதின அந்தக் கண்ணாடி உடைந்தால் அதே மாதிரி இன்னொன்று கிடைப்பது வலு கஷ்டம். திருகு குமிழ்கள் நான்கும் ஒரே சோடியாக இருந்தால் அவற்றைப் பிரிக்காதீர்கள். பின் மட்டையில் வால்வ் இருக்கும் இடங்கள் அச்சடித்திருக்கும், கறையான் தின்றிருந்தாலும் அதை வையுங்கள். மரப்பெட்டி நன்றாக இருந்தால் நான் கழற்றவே மாட்டேன், முழுதாகச் சேகரிக்கிறவர் கண்ணில் படும்வரை அலுமாரிக்கு மேல் ஏற்றி வைப்பேன்.

ஃபேனில் சொல்ல அதிகமில்லை. மூன்று இறக்கையும் எடை பார்த்துச் சோடி சேர்த்தவை, ஒன்றைப் பிரித்தால் ஃபேன் ஆடும், ஆகவே மூன்றையும் கட்டி அதே மோட்டரோடு வையுங்கள். பெயாரிங்கில் 6201, 6202 என்று எண் இருக்கும், அது புதிதாகவே கிடைக்கும், பழையதை விற்க வேண்டியதில்லை. கண்டன்சரும் அப்படியே. கிண்ணம், தண்டு, பழைய ரெகுலேட்டர் பெட்டி போகும்.

அயன் பெட்டியை மட்டும் திறக்கவேண்டாம். அந்தக் காலத்து மின்சார அயன்களில் சூட்டுக் கம்பிக்கும் மேல் மூடிக்கும் இடையில் அஸ்பெஸ்டஸ் வைத்தார்கள், துணி வயருக்குள்ளேயும் இருக்கலாம். உதிர்கிற தூள் நெஞ்சுக்குள் போனால் பிறகு எடுக்க முடியாது. கரி போடுகிற பித்தளை அயன் ஏதும் மூலையில் கிடந்தால் அதுதான் விலைப்படும்.

பிரிட்ஜைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்கிறேன். இன்றைக்கே கதவைக் கழற்றிவிடுங்கள். பழைய பிரிட்ஜின் பூட்டு வெளியே இருந்துதான் திறக்கும். கொட்டிலில் ஒளித்து விளையாடுகிற பிள்ளை ஒன்று உள்ளே போய்க் கதவு மூடினால் தட்டுகிற சத்தமும் வெளியே கேட்காது. கதவு தனியாகக் கிடந்தால் அதன் கைபிடி, கீல், பெயர்த் தகடு எல்லாம் விற்கவும் லேசு.

அதன் செம்புக் குழாயை வெட்டாதீர்கள். கொம்பிரசரில் உள்ள தகட்டில் ஆர் 12 என்று இருந்தால் அது ஓசோனை அழிக்கிற வாயு. அதனால்தான் 2010 உடன் எங்கள் போன்ற நாடுகளிலும் அதை நிறுத்தினார்கள். இரும்புக்காரர் குறட்டால் நறுக்கிச் சீ என்று விட்டுவிடுவார். வாயுவைப் பிடித்து எடுக்கிற மெஷின் வைத்திருக்கும் பிரிட்ஜ் திருத்துநர் ஒருவரைக் கூப்பிட்டு எடுப்பித்த பிறகு செம்பையும் பெட்டியையும் கொடுங்கள். கொம்பிரசரை ஓடும் என்று சொல்லி விற்பதை நான் செய்வதில்லை. மூன்று முனைகளுக்கு இடையிலும் மீற்றரால் ஓம் அளந்து, இரண்டு சின்ன அளவைக் கூட்டினால் பெரிய அளவு வருகிறதா என்று பார்த்தால் கம்பிச் சுற்று சரி என்பது மட்டும்தான் தெரியும். உள்ளே வால்வ் தேய்ந்திருந்தால் மீற்றருக்குத் தெரியாது. அதோடு ஆர் 12 க்கு விட்ட எண்ணெய் பிறகு வந்த 134 வாயுவோடு சேராது. வாங்குகிறவர் அதை அறியாமல் போட்டால் நட்டம் அவருக்கு. தேர்மோஸ்டட், தட்டுகள், மரக்கறிப் பெட்டியின் கண்ணாடி, உள் விளக்கின் மூடி என்பவற்றை விற்றால் போதும்.

எங்கள் இடத்துக்கு என்றே ஒரு பிரச்சினை உண்டு, உப்பு. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி, நடுவில் நாங்கள். கச்சான் அடிக்கிற மாதங்களில் சாமான் காய்ந்து நல்லாக இருக்கும். வாடை தொடங்கி மாரி வந்ததும் நேற்றுத் துடைத்த உருக்கில் இன்றைக்குச் செம்மஞ்சள் பூக்கும். கழற்றின பாகத்தை அன்றைக்கே மெஷின் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, மெழுகுத் தாளில் சுற்றி, மூடி இறுகுகிற பால்மா டின்னில் போடுங்கள். டின்னுக்கு வெளியே எந்தச் சாமான், எந்த எண், எந்த நாள் என்று எழுதுங்கள். பொலித்தீன் பைக்குள் ஈரத்தோடு கட்டினால் அது கறளை வளர்க்கிற வேலை. றப்பரும் தோலும் உள்ளவற்றைத் தனியாக வையுங்கள்.

இன்னொன்று, சுனாமித் தண்ணீரில் கிடந்ததா என்று வீட்டில் பெரியவர்களிடம் கேளுங்கள். கடல் தண்ணீர் குடித்த மோட்டர் இன்றைக்கு ஓடும், ஆனால் கம்பிச் சுற்றின் காப்பு உள்ளுக்குள் அரிபட்டுக்கொண்டே இருக்கும், ஒரு நாள் உடம்பில் கரண்ட் அடிக்கும். அப்படிப்பட்ட மோட்டரை விற்கவே வேண்டாம். இரும்புப் பாகம் என்றால் விற்கலாம், ஆனால் சொல்லித்தான் விற்க வேண்டும். இந்த வியாபாரத்தில் ஆட்கள் கொஞ்சப்பேர்தான், ஒருவரை ஏமாற்றினால் பொத்துவிலில் இருந்து வாழைச்சேனை வரை ஒரு கிழமையில் தெரிந்துவிடும்.

விலை வைப்பதற்கு நான் பார்ப்பது: புதியது கடையில் இருக்கிறதா? இருந்தால் அதன் பாதியில் தொடங்குவேன், பழையதன் உருக்கு நல்லதென்றால் கொஞ்சம் ஏறுவேன். புதியது இல்லை என்றால், அந்தப் பாகம் இல்லாமல் அவருடைய மெஷின் சும்மா கிடக்குமா என்று யோசிப்பேன். அதற்காக அவர் கஷ்டத்தில் கழுத்தைப் பிடிப்பதில்லை. மெஷினை நம்பிச் சாப்பிடுகிற ஒருவரிடமும், அலங்காரத்துக்கு வாங்குகிற ஒருவரிடமும் ஒரே விலை சொல்வதில்லை நான், அது நியாயம் என்றுதான் நினைக்கிறேன்.

தூரத்துக்கு அனுப்புவதென்றால் இக்மன் விளம்பரத் தளத்திலும் பேஸ்புக்கிலும் போடலாம். படத்தில் பாகத்துக்குப் பக்கத்தில் அடிமட்டம் ஒன்றை வையுங்கள், பொறித்த எண் தெரிய ஒரு படம், பழுதான பக்கம் தெரிய ஒரு படம். கண்ணாடியை அனுப்பும்போது இரண்டு பெட்டி வேண்டும், பெட்டிக்குள் பெட்டி, இடையில் நெருக்கமாக நாரோ கடதாசியோ. ஒரு தரம் டயல் கண்ணாடி ஒன்றை ஒற்றைப் பெட்டியில் அனுப்பினேன். பார்சல் கொண்டுபோன இடத்தில் எங்கேயோ எறிந்திருக்கிறார்கள், வாங்கினவர் கைக்குப் போனது தூள். காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். காசைவிட அந்தக் கண்ணாடி போனதுதான் இன்றைக்கும் வலிக்கிறது.

கடைசியாக அந்த இரும்புக்காரக் காக்கா. அவரைத் துரத்திவிடாதீர்கள். உங்கள் வீட்டுச் சாமான் மூன்று மாதத்தில் முடிந்துவிடும், அதற்குப் பிறகு இந்த வேலை தொடர்வது அவர் கையில்தான் இருக்கிறது. ஒரு நாளைக்கு நாற்பது வீட்டுக்கு முன்னால் நிற்கிறவர் அவர். கழற்றி முடித்த வெறும் இரும்பை அவருக்கே கொடுங்கள், மெஷின் தலையோ வால்வ் றேடியோவோ கண்டால் உடைக்காமல் கொண்டுவரச் சொல்லி, எடை விலையைப்போல் இரண்டு மடங்கு கொடுங்கள். எனக்குக் கிடைத்த நல்ல சாமான்களில் முக்கால்வாசி அப்படி வந்ததுதான். வயரை எரித்துச் செம்பு எடுப்பதை மட்டும் உங்கள் வளவில் விடவேண்டாம், அந்தக் கறுப்புப் புகை பிள்ளைகளுக்கு நஞ்சு, கத்தியால் உரித்தால் செம்பும் சுத்தமாக வரும். தெரியாத ஆள் சாமான் கொண்டுவந்தால் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் கொப்பியில் எழுதி வையுங்கள், களவுச் சாமான் ஒன்று வந்தாலும் பொலிசில் பதில் சொல்ல ஏதாவது இருக்க வேண்டும்.

1978 கார்த்திகைச் சூறாவளிக்கும் யுத்தத்துக்கும் சுனாமிக்கும் தப்பி உங்கள் அம்மப்பா கட்டிக்காத்த சாமான் அவை. ஒரு மெஷினை ஓட வைத்து வீட்டிலேயே வையுங்கள். மற்றதன் எண்ணையும், ஊசிக்குக் கீழே உள்ள பகுதியின் ஒரு படத்தையும் எனக்கு அனுப்புங்கள். அதற்கு முன் அதன் லாச்சிகளை முழுதாக வெளியே இழுத்துப் பின்பக்கமும் பாருங்கள், சறுக்குத் தகடுகள் அங்கேதான் விழுந்து கிடக்கும். அது 28 ஆக இருந்து, தோணி ஷட்டிலும் முன் தகடும் கிடைத்தால் யாருக்கும் வாக்குக் கொடுக்கவேண்டாம். ஓட்டமாவடியில் ஓர் உம்மா, அவருடைய தாயின் மெஷினுக்கு அந்த இரண்டையும் கேட்டு ஒரு வருடமாகக் காத்திருக்கிறார்.